கதவுக்குத் தெரியாத ஆள்

முதலில் மோதியது தொந்தி. அது எங்கே போனாலும் துப்பறிவாளருக்கு அரை அடி முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு மூக்கு. கடைசியில் மானம்.

ஆள் வந்தால் தானாகத் திறந்துகொள்ளும் கண்ணாடிக் கதவு அது. துப்பறிவாளர் இரண்டடி பின்னால் போனார், தொண்டையைச் செருமிக்கொண்டார், ஒரு பெரிய மனுஷன் நடக்கிற தோரணையில் மறுபடி நடந்தார். கதவு அசையவில்லை. கையை ஆட்டினார். குதித்தும் பார்த்தார், ஐம்பத்து மூன்று வயதில், தொண்ணூற்றாறு கிலோவில் அதைக் குதிப்பு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பின்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்த மச்சான் ஒரு காலை எடுத்து வைத்ததும் கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது.

"எங்க அக்காகூட உங்களை இவ்வளவு கண்டுக்காம இருந்ததில்ல மாமா," என்றான் மச்சான்.

மச்சான் என்றால் துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. பத்து வருஷம் கடை கடையாக ஏறி தானியங்கிக் கதவு மாட்டும் வேலை பார்த்தவன், வேலை போனதும் அக்கா வீட்டுக்கு நான்கு நாள் தங்க வந்தவன், இப்போது ஆறாவது வருஷமாக உதவியாளர். சும்மா சாப்பிடுகிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்பதற்காக அக்கா கொடுத்த பதவி அது.

துப்பறிவாளரின் பெருமையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் ஓர் அறை. அங்கே ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள். இதுவரை கண்டுபிடித்தது பதினோரு நாய், இரண்டு கிளி, கோபித்துக்கொண்டு போன ஒரு மாப்பிள்ளை. மாப்பிள்ளை தானாகவே திரும்பி வந்தார். அதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொள்வது.

அப்படிப்பட்டவரை இன்று மத்தியானம் ஒரு பெரிய தொழிற்கூடத்தின் மேலாளர் கார் அனுப்பிக் கூப்பிட்டார் என்றால், என்ன நினைத்திருப்பார்? நம் காலம் வந்துவிட்டது என்று நினைத்தார். பாவம்.

அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வருவதற்கு முன்பே, வெளி வாசலில் செக்யூரிட்டி இருவரின் செல்போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கோட் எடுத்தார். உள்ளே விமான இறக்கைகளுக்குப் பூச்சு பூசுகிறார்கள், ஒரு தலைமுடி விழுந்தாலும் வேலை கெட்டது. அதனால் வருகிறவர் எல்லோரும் தலையை மூடும் முக்காடு வைத்த நீளக் கோட் மாட்டிக்கொள்ள வேண்டும். மச்சானுக்கு ஒரு பழைய வெள்ளைக் கோட் கிடைத்தது. துப்பறிவாளருக்கு மூன்று கோட் போட்டுப் பார்த்தும் பொத்தான் எட்டவில்லை. கடைசியில் செக்யூரிட்டி உள்ளே போய் சாம்பல் நிறத்தில் ஒரு புதுக் கோட் எடுத்து வந்தார். யாரோ பெரிய உடம்புக்காரர் ஐந்து மணிக்கு வரப்போகிறாராம், அவருக்காக நேற்றுதான் தைத்து வந்ததாம், அதுவரைக்கும் போட்டுக்கொள்ளலாமாம். அந்தப் பெரிய மனிதர் உயரம்போல. துப்பறிவாளருக்குக் கோட் கணுக்கால் வரை தொங்கியது. மச்சான் சுற்றி வந்து பார்த்துவிட்டு, மூட்டை கட்டின சோபா மாதிரி இருக்கிறது என்று அபிப்பிராயம் சொன்னான்.

மேலாளர் ஒல்லியான மனிதர். பேசும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தார். ரேடாருக்குத் தெரியாத விமானம் ஒன்று எங்கோ செய்கிறார்களாம், அதன் மேலே போர்த்துகிற சமாச்சாரம் மட்டும் இந்தத் தொழிற்கூடத்தின் வேலையாம். ஆறு வருஷ உழைப்பில் ஒரு துணி நெய்திருக்கிறார்கள். ரேடார் அலை பட்டால் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும். இருந்தது மொத்தமே நாலு மீட்டர். திங்கட்கிழமை ஸ்டோரில் இருந்தது, புதன்கிழமை காலையில் இல்லை.

"என்ன நிறம்?" என்றார் துப்பறிவாளர்.

"இரகசியம்."

"கனமா, மெல்லிசா?"

"அதுவும் இரகசியம்."

"சரி, நீங்க பார்த்திருக்கீங்கல்ல?"

"நானா? அதைப் பார்க்க எனக்கே அனுமதி இல்ல சார். அறிக்கையில படிச்சிருக்கேன்."

காணாமல் போனது துணி என்பதைக்கூட ஊழியர் யாரிடமும் வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாது என்று மேலாளர் கேட்டுக்கொண்டார். என்ன நிறம் என்று தெரியாத ஒன்றை, என்னது என்று சொல்லாமல், ஐந்து மணிக்குள் தேட வேண்டும். நாயாவது வாலாட்டும்.

போலீசுக்குப் போகாமல் தன்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தைத் துப்பறிவாளர் கேட்டிருக்க வேண்டாம். பாராட்டு வரும் என்ற நப்பாசையில் கேட்டுவிட்டார். அவரை யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணமாம். பல இடத்தில் விசாரித்தார்களாம், ஒருத்தர்கூடக் கேள்விப்பட்டதில்லை என்றுதான் சொன்னார்களாம். மச்சான் இதை அக்கறையாக நோட்டில் எழுதிக்கொண்டான்.

மேலாளருக்கு யார் மேல் சந்தேகம் என்பதில் மட்டும் இரகசியம் ஒன்றும் இல்லை. ஸ்டோருக்கு இரண்டே சாவி. ஒன்று ஸ்டோர் கீப்பரிடம். மற்றது அந்தத் துணியை நெய்த பொறியாளரிடம், ஒரு பெண்மணியிடம். அவருடைய அண்ணன் போட்டிக் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறார். அது போதாதா? நேற்றிலிருந்து அந்த அம்மாவைக் கணினிப் பக்கமே விடவில்லை. இன்றைக்குக் கூட்ட அறையில் உட்கார வைத்து வெளியே காவல் போட்டிருக்கிறார்கள். ஐந்து மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. துணி கிடைக்கவில்லை என்றால் அந்தக் குழுவின் முன்னாலேயே போலீசைக் கூப்பிட்டு அவரை ஒப்படைத்துவிடுவதாக மேலாளர் சொன்னார்.

மணி மூன்றே முக்கால்.

துப்பறிவாளர் ஸ்டோருக்குப் போனார். அங்கேயும் கண்ணாடிக் கதவு, அங்கேயும் மூக்கு. மச்சான் வந்துதான் திறந்தது. ஸ்டோர் கீப்பர் நிம்மதியான ஆள். நாற்பத்தொன்றாம் எண் பொருள் காணோம் என்றார்கள், அவரும் காணோம் என்று எழுதிவிட்டார். அது பெட்டியா, புட்டியா என்றுகூட அவருக்குத் தெரியாது. இரகசியப் பொருள் எதற்கும் லேபிள் ஒட்டக்கூடாது என்று போன வருஷம் மேலாளர் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து எண் நோட்டில் இருக்கிறது, பொருள் தட்டில் இருக்கிறது, எந்த எண் எந்தப் பொருள் என்பது கடவுளுக்கு வெளிச்சம்.

அங்கிருந்து பூச்சுக் கூடம். மறுபடியும் மூக்கு. தண்ணீர் குடிக்கலாம் என்று கேன்டீனுக்குப் போனபோது மட்டும் ஓர் ஆச்சரியம். துப்பறிவாளர் மூன்றடி தள்ளி வரும்போதே கேன்டீன் கதவு பவ்வியமாகத் திறந்து வழிவிட்டது.

"உங்களை இந்தக் கட்டடத்துல மதிக்கிற ஒரே கதவு இதுதான் மாமா. தொந்தியை அடையாளம் கண்டுக்கிச்சு."

துப்பறிவாளருக்குச் சிரிப்பு வரவில்லை. மூளையில் ஏதோ பளிச்சென்றது. அவர் மூளையில் பளிச்சிடுவது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அது அவருக்கும் தெரியும், ஆனால் அந்தச் சுகத்தை யார் விடுவார்கள்? கேன்டீனின் நடுவில் நின்று, குரலைத் தாழ்த்தி, மச்சானிடம் தன் முடிவைச் சொன்னார். திருடன் இந்தக் கட்டடத்துக் கதவுகளை எல்லாம் எங்கிருந்தோ ஆட்டி வைக்கிறான். துப்பறிவாளர் நெருங்கி வருகிறார் என்று பயந்துபோய் அவருக்கு மட்டும் கதவை அடைக்கிறான். கேன்டீன் கதவு மட்டும் அவன் கைக்குச் சிக்கவில்லை.

"உங்களைப் பார்த்து ஒருத்தன் பயப்படுறானா?" என்று மச்சான் யோசித்தான். "கேட்கவே புதுசா இருக்கு மாமா. எழுதிக்கவா?"

கதவை ஆட்டிவைக்க முடியுமா என்று தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும். அலை, ரேடார் என்று படித்தவர் இந்தக் கட்டடத்தில் அந்தப் பொறியாளர்தான். மேலாளர் முகத்தைச் சுளித்தார். கடைசியில், அறைக் கதவைத் திறக்கக் கூடாது, இந்தப் பக்கம் நின்றே பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார். மரக் கதவு. துப்பறிவாளர் அதில் காதை வைத்து நின்றார்.

உள்ளேயிருந்து வந்த குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல். துணி காணோம் என்று முதலில் சொன்னதே அவர்தானாம். திருடினவள் தானே ஓடிப்போய்ச் சொல்வாளா என்று கேட்டார். அண்ணனோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறதாம், வீட்டுக் கல்யாணம் ஒன்றில் வந்த சண்டையாம். அவனுக்கு இரகசியத்தைக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் சமாதானமாக வேண்டுமே என்றார். துப்பறிவாளருக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது. அந்த நிமிஷம்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. இதுவரைக்கும் கெட்டால் தன் மானம் மட்டும்தான் கெடும், அதில் பெரிதாக மிச்சமும் இல்லை. இன்றைக்குத் தோற்றால் ஒரு பெண் ஜெயிலுக்குப் போவாள்.

"அம்மா, ரேடாரை யாராவது தூரத்துல இருந்து ஏமாத்த முடியுமா?"

"ரேடார்ங்கிறது கூப்பிட்டுப் பார்க்கிற வேலை சார். இருட்டு ரூமுக்குள்ள யாரு இருக்கான்னு குரல் கொடுக்கிறோம்ல, அது மாதிரி. பதில் வந்தா ஆள் இருக்கு. வரலைன்னா இல்ல. விமானத்தோட உருவத்தைச் சாய்ச்சு சாய்ச்சு செஞ்சா பதில் வேற பக்கம் போயிடும். என் துணி அதையும் மிச்சம் வைக்காம முழுங்கிடும். எல்லா ரேடாரையும் ஏமாத்திடும்னு நான் சொல்லமாட்டேன். அலை ரொம்ப நீளமா இருந்தா தெரிஞ்சிடும். ஒரு இடத்துல இருந்து கூப்பிட்டு இன்னொரு இடத்துல காது வெச்சாலும் மாட்டிக்கும்."

துப்பறிவாளர் தன் பெரிய முடிவை அவிழ்த்து விட்டார். வாசல், ஸ்டோர், பூச்சுக் கூடம், மூன்று கதவும் தனக்கு மட்டும் திறக்கவில்லை என்பதையும், மச்சானுக்கு ஒவ்வொரு தடவையும் திறந்தது என்பதையும் சொன்னார். உள்ளே அவர் சிரிப்பார் என்று துப்பறிவாளர் நினைத்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

"ஒரு கதவுகூடத் திறக்கலையா?" என்றது குரல், மெதுவாக.

"கேன்டீன் மட்டும் திறந்துச்சு."

மச்சான் காதைச் சொறிந்துகொண்டே குறுக்கே வந்தான். "அது பழைய மாடல் மாமா. உடம்புச் சூட்டைப் பார்த்துத் திறக்கும். மத்தது மூணும் புதுசு. நெத்தியில குட்டியா ஒரு ரேடார் இருக்கும், ஆள் வந்தா..."

மச்சான் நிறுத்திக்கொண்டான். ஆறு வருஷத்தில் அவன் பாதிப் பேச்சில் நின்றது அதுதான் முதல் தடவை.

"சார்," என்றது கதவுக்கு அந்தப் பக்கம். "நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

துப்பறிவாளர் குனிந்து பார்த்தார். முதலில் தொந்தி தெரிந்தது. அதன் மேல், கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும், சாம்பல் நிறத்தில் நாலு மீட்டர் துணி.

"லேபிள் ஒட்டக்கூடாதுன்னாங்க சார். என் பிள்ளையை நானே அடையாளம் தெரியாமத் தொலைச்சிடக் கூடாதேன்னு ஓரத்துல ஒரே ஒரு மஞ்சள் நூல் விட்டு நெய்தேன். இருக்கா பாருங்க."

மச்சான் மண்டியிட்டு உட்கார்ந்து கோட்டின் கீழ் ஓரத்தைத் திருப்பினான். உள்பக்கம், மடித்துத் தைத்த இடத்தில், மெல்லிசாக மஞ்சள் கோடு ஒன்று ஓடியது.

"இருக்கும்மா," என்றான்.

கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று சொல்லமுடியாத ஒரு சத்தம் கீழேயிருந்து வந்தது.

துப்பறிவாளருக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திருட்டுப் பொருளை வந்ததிலிருந்து போட்டுக்கொண்டு, அதன் பையிலேயே கையை விட்டுக்கொண்டு, ஊரெல்லாம் தேடியிருக்கிறார். கண்டுபிடித்தது யார்? பூட்டின அறைக்குள் உட்கார்ந்திருந்த குற்றவாளி, ஆளைக்கூடப் பார்க்காமல். இதைவிடக் கேவலமாக ஒரு வழக்கை முடிக்க நாட்டில் இன்னொரு துப்பறிவாளரால் முடியாது என்று தனக்குத்தானே ஒரு சான்றிதழ் கொடுத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. துணி கிடைத்துவிட்டது, சரி, எடுத்தது யார்? அதைச் சொல்லாவிட்டால் அந்த அம்மாவே கோட் தைத்து வெளியே கடத்தப் பார்த்தார் என்று மேலாளர் கதை கட்டுவார். மணி நான்கு இருபது. துப்பறிவாளர் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினார். வழியில் மச்சானை முன்னால் விட்டார், மூக்கு பாக்கி இருக்க வேண்டுமே.

இந்தத் தடவை கேட்ட கேள்வி, நேர்மையாகச் சொன்னால், அவர் வாழ்க்கையில் கேட்ட ஒரே நல்ல கேள்வி. நாற்பத்தொன்றைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. லேபிள் இல்லாமல் ஒரு துணி தட்டில் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார்.

ஸ்டோர் கீப்பர் முகம் மலர்ந்தது. செய்வதற்கு என்ன, அதுதான் செவ்வாய்க்கிழமையே நடந்துவிட்டதே. ஆய்வுக் குழுத் தலைவர் பெரிய உடம்புக்காரர், இருக்கிற கோட் எதுவும் சேராது, கோட்டுத் துணியும் தீர்ந்துபோயிருந்தது. மூன்றாவது தட்டில் பேர் ஊர் தெரியாத துணி ஒன்று கிடக்கிறதே என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறார். அவரும் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இதோ இருக்கிறது சீட்டு. லேபிள் இல்லாத அந்தத் துணியில் தலைவருக்கு ஒரு கோட் தைக்கவும். கீழே மேலாளர் கையெழுத்து. பின்பக்கம் டெய்லர் பென்சிலில் கிறுக்கியிருந்தார்: மூன்று ஊசி ஒடிந்தது, இனி இந்தத் துணி என்னிடம் வேண்டாம்.

மேலாளர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனார். நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தார். லேபிள் ஒட்டாதே என்று சொன்னவரும் அவர், லேபிள் இல்லாததை வெட்டச் சொன்னவரும் அவர். இது வெளியே தெரிந்தால் தன் பிழைப்பே போய்விடும் என்று துப்பறிவாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் வயதுக்கு வந்த இரண்டு பெண்கள் இருப்பதையும் சொன்னார்.

துப்பறிவாளரும் உட்கார்ந்தார். இந்த நாளுக்காகத்தான் இருபது வருஷம் காத்திருந்தார். பத்திரிகையில் படம், கீழே நாலு வரி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் இனி மரியாதையாகப் பேசுவான். மனைவியும் ஒரு நாளாவது தம்பியிடம், உங்க மாமா லேசுப்பட்டவர் இல்லடா என்று சொல்வாள். எல்லாம் அந்தச் சீட்டில் இருந்தது.

"அந்தம்மாவை இப்பவே வெளிய விடுங்க," என்றார், சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. "துணியை அவங்கதான் கோட்டாத் தைக்கச் சொன்னாங்க, ஆய்வுக் குழுவுக்குச் செஞ்சு காட்டறதுக்குன்னு சொல்லுங்க. அவங்க மேல ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்தா இந்தச் சீட்டு வரும்."

"அப்ப உங்களைப் பத்தி என்ன சொல்றது?"

"என்னைப் பத்தி என்ன இருக்கு? என்னை யாருக்குத் தெரியும்?"

மச்சான் நோட்டை மூடிவிட்டான். அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. தலைவர் உண்மையிலேயே பெரிய மனிதர். அவர் பக்கத்தில் நின்றபோது துப்பறிவாளருக்கே தான் கொஞ்சம் இளைத்தமாதிரி இருந்தது. பொறியாளர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். கண்கள் மட்டும் வீங்கியிருந்தன. படமும் போடவில்லை, வரைபடமும் காட்டவில்லை. வாசலைப் பார்க்கச் சொன்னார். முதலில் மச்சான் நடந்தான், கதவு திறந்தது. பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு துப்பறிவாளர் நடந்தார். தொந்தி, மூக்கு, எல்லாம் வரிசையாக மோதின. இந்தத் தடவை குழுவில் ஏழு பேரும் கை தட்டினார்கள்.

தலைவருக்குத் தாங்கவில்லை. கோட்டை வாங்கித் தானே மாட்டிக்கொண்டு நாலு தடவை மோதிப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அடுத்த கட்ட வேலையும் இதே பொறியாளர் கையில்தான் இருக்க வேண்டும் என்று மேலாளரிடம் அங்கேயே சொல்லிவிட்டார். பிறகு துப்பறிவாளரைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பொறியாளர் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"கோட் மாட்டிக் காட்டற ஆள் சார்," என்றார் துப்பறிவாளர்.

தலைவர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். கூட்டமும் பின்னால் போனது. பொறியாளர் மட்டும் நின்றார். நன்றி என்று சொல்ல வந்தவர் அதைச் சொல்லாமல், துப்பறிவாளரின் சிவந்துபோன மூக்கைப் பார்த்து, வலிக்கிறதா அண்ணா என்று கேட்டார். இல்லைம்மா என்றார் துப்பறிவாளர். நன்றாகவே வலித்தது. அவர் போன பிறகு, சட்டைப் பைக்குள்ளிருந்த சீட்டை எடுத்து நாலாக மடித்து மச்சானிடம் கொடுத்தார். பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார், யாரிடமும் காட்டக்கூடாது என்றும் சொன்னார்.

வெளியே போக வேண்டும். கோட் இல்லை. சட்டையில் வியர்வை, ஒரு பொத்தான் வேறு தெறித்துப் போயிருந்தது. பழக்கதோஷத்தில் துப்பறிவாளர் கண்ணாடிக் கதவுக்கு ஓரடி முன்னால் நின்று, மூக்கை ஒரு கையால் மூடிக்கொண்டு, காலை எடுத்து வைத்தார்.

கதவு திறந்தது.

அவர் இரண்டடி பின்வாங்கினார். கதவு மூடியது. மறுபடி போனார், மறுபடி திறந்தது.

"மாமா, இதோட அஞ்சு தடவை ஆச்சு," என்றான் மச்சான், வெளியே நின்றுகொண்டு. அவன் குரலில் கிண்டல் இல்லை. "அக்கா தேடுவா. போலாம் வாங்க."

"இருடா," என்றார் துப்பறிவாளர். "இன்னும் ஒரு தடவை."